பல்லை எண்ணினால் போதுமா?

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? கோவில்பட்டிக்காரர்களைக் கேட்டால், கடலை மிட்டாயும் போய்விட்டது என்பார்கள். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அத் தின்பண்டம், வறுத்த நிலக்கடலையை வெல்லப்பாகில் சேர்த்துச் செய்யப்படுவது. கடித்தால் 'நறுக்'கென்று உடையும். பல் இல்லாதவர் அதை வாயில் வைத்துச் சப்பலாமேயன்றிக் கடிக்க இயலாது. வறுத்த சோளம், முறுக்கு, சாத்தூர்ச் சேவு, கருவாடு, பனங்கிழங்கு என்று கரிசல் பூமியில் மக்கள் விரும்பி உண்பவற்றுள் பல, பல்லுக்கு நல்ல வேலை கொடுப்பவை. பல்லை இழந்த முதியவர் பந்தியில் உட்கார்ந்தாலும், இலையில் பாதியை ஒதுக்கிவிட்டே எழுகிறார்.

இன்றைய பல் மருத்துவம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. எலும்பு தேய்ந்துபோன மேல்தாடையில்கூட உலோகத் திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் அசையாத பற்களைப் பொருத்திவிடுகிறார்கள். பல் மருத்துவர்கள் இத் திருகை 'இம்ப்ளாண்ட்' என்பார்கள். செலவு பல்லாயிரம் ரூபாய். எலும்பு மிகவும் குறைந்தவர்களுக்கு அது இலட்சங்களையும் தொடும். இவ்வளவு செலவும் சிரமமும் கொண்ட சிகிச்சை வென்றதா, தோற்றதா என்று யார் தீர்ப்புச் சொல்வது? எக்ஸ்ரே படமா? மருத்துவரா? அந்தப் பல்லால் மெல்லுகிறவரா? மூன்றும் வேண்டும் என்பதும், மூன்றாமவரை நாம் போதிய அளவு கேட்பதில்லை என்பதுமே என் கருத்து. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

எலும்பு ஏன் கரைகிறது?

எலும்பைக் கல் போன்ற உயிரற்ற பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. அது உயிருள்ள திசு. வேலை இருக்கும்வரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வேலை போனால் கரையத் தொடங்கும். தாடையின் விளிம்பிலுள்ள எலும்புக்கு, பல்லின் வேர் வழியாக வந்து சேரும் அழுத்தமே வேலை. பல்லைப் பிடுங்கினால் அந்த வேலை நின்றுவிடுகிறது. பல் எடுத்த ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்றும், அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது என்றும் 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

டால்கிரென் என்ற ஆய்வாளர், பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, 1972-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு எலும்பை இழக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அப்படியானால் மேல்தாடையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. முதலாவதாக, மேல்தாடையின் எலும்பு, கீழ்த்தாடையினதைப் போலக் கெட்டியானதன்று. கடற்பஞ்சைப் போலத் துளைகள் நிறைந்தது. இரண்டாவதாக, மேல்தாடையின் கடைவாய்ப் பற்களுக்கு மேலே, மூக்கோடு இணைந்த ஒரு காற்றறை இருக்கிறது. சளி பிடித்தால் கன்னம் கனக்கிறதே, அது இந்த அறையின் வேலைதான். பற்கள் போனபின் கீழிருந்து எலும்பு தேய, மேலிருந்து இக் காற்றறை இறங்கிவருகிறது. கடைசியில் ஈறுக்கும் காற்றறைக்கும் இடையே சில மில்லிமீட்டர் எலும்பே மிஞ்சும் நிலை வருகிறது. அதில் திருகைப் பதிப்பது எங்ஙனம்?

பற்கள் போவதற்கு முதுமை மட்டும் காரணமன்று. கவனிக்காமல் விட்ட ஈறு நோய், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, புகையிலை ஆகியன பெரும் காரணங்கள். விபத்தாலும் புற்றுநோய் அறுவையாலும் தாடையை இழப்பவர்கள் உண்டு. 2021-ஆம் ஆண்டில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. கோவிட் இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்று செய்தித்தாள்கள் எழுதிய மியூகார்மைகோசிஸ் நோயே அது. அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டோர் அந் நோய்க்கு ஆளானதாக மத்திய சுகாதார அமைச்சகம் தெரிவித்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சற்றுக் குறைவானவர்கள் நீரிழிவு உள்ளவர்கள். மூக்கையும் காற்றறைகளையும் பற்றி மேல்தாடை எலும்பை அழுகச் செய்யும் நோய் இது. உயிரைக் காக்க, பலருக்கு மேல்தாடையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்ற வேண்டியதாயிற்று. பிழைத்தவர்கள் உண்டது மூக்கு வழியாக வந்தது, பேச்சு குழறியது. மேல்தாடைக்கு மாற்று வைக்கும் கலை, இவர்களால் நம் நாட்டில் அவசரத் தேவையாகிவிட்டது.

கரிசலில் வீடு கட்டுவதைப் போல

டைட்டானியம் என்ற உலோகம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பது தற்செயலாகக் கிடைத்த உண்மை. சுவீடன் நாட்டைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க், 1952-ஆம் ஆண்டில் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைக் காண்பதற்காக டைட்டானியத்தாலான ஒரு சிறு கருவியைப் பதித்தார். ஆய்வு முடிந்து அதை எடுக்க முயன்றபோது வரவில்லை. எலும்பு அதனோடு இறுகப் பிணைந்திருந்தது. 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானியத் திருகுகளை அவர் பதித்தார். லார்சன் 2006-ஆம் ஆண்டில் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவை அவருக்குப் பயன்பட்டன. டைட்டானியத்தின் தாதுவாகிய இல்மனைட், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது என்பதையும் நீங்கள் நினைவில் கொள்ளலாம்.

எலும்பு போதுமான அளவு இருந்தால், ஏறக்குறைய 8 முதல் 15 மில்லிமீட்டர் நீளமுள்ள திருகு போதும். இல்லாதபோது என்ன செய்வது? ஒரு வழி, எலும்பை வளர்ப்பது. இடுப்பிலிருந்தோ தாடையின் வேறு பகுதியிலிருந்தோ எலும்பை எடுத்து வைக்கலாம். காற்றறையின் அடிச்சவ்வை மெல்லத் தூக்கி, அதன்கீழ் எலும்புத் தூளை நிரப்பலாம். ஆனால் எலும்பு விளையப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

மற்றொரு வழி, கரிசல் காட்டில் வீடு கட்டுவோருக்கு எளிதில் புரியும். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன் மேல் நேராகச் சுவர் எழுப்பினால் விரிசல் விழும். ஆகவே அம்மண்ணைத் தாண்டி, அடியில் உள்ள கெட்டித் தரைவரை தூண்களை இறக்குகிறார்கள். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ் போல அகன்ற கான்கிரீட் தூண்களை இத்தகைய மண்ணுக்கென்றே உருவாக்கியது. பிரோனமார்க் கையாண்ட முறையும் இதை ஒத்ததே. தேய்ந்துபோன மேல்தாடை எலும்பை நம்பாமல், 30 முதல் 50 மில்லிமீட்டருக்கும் மேல் நீளமுள்ள திருகை வாயிலிருந்து சாய்வாகச் செலுத்தி, கெட்டியான கன்ன எலும்பில் ஊன்றினார். 1980-களின் இறுதியில் தொடங்கிய இம்முறை, மேல்தாடையை இழந்த இந்திய நோயாளிகளுக்கும் இன்று செய்யப்படுகிறது.

திருகு நின்றது, மனிதர் நிறைவடைந்தாரா?

கன்ன எலும்புத் திருகுகளைப் பற்றி 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 95 அளவில் அவை நிலைத்திருப்பதாகக் கூறியது. அரிய வெற்றிதான். ஆனால் அதே ஆய்வு, காற்றறை அழற்சியே இச் சிகிச்சையில் மிகுதியாகக் காணப்படும் தொல்லை என்பதையும் குறிப்பிட்டது. கன்ன வலியோடும் ஓயாத சளியோடும் ஒருவர் துன்புறும்போதுகூட, அவருடைய திருகு அசையாமல் நிற்கலாம். கணக்கேட்டில் அவர் 'வெற்றி'. வீட்டில் அவர் நோயாளி. திருகு எண்ணிக்கையை மட்டும் வைத்து மார்தட்டும் விளம்பரங்களை நீங்கள் பார்க்கும்போது இவ் வேறுபாட்டை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மனநிறைவை எப்படி அளப்பது, அது என்ன வெப்பமா, எடையா என்று சிலர் கேட்பார்கள். அளக்க வழிகள் உண்டு. 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றை வரைந்து, ஒரு முனையில் 'சிறிதும் நிறைவில்லை' என்றும் மறுமுனையில் 'முழு நிறைவு' என்றும் எழுதி, தமக்குரிய இடத்தில் குறியிடச் சொல்வது ஒரு முறை. மற்றொன்று வினாத்தாள். ஆஸ்திரேலியாவில் சிலேடு, ஸ்பென்சர் என்னும் இருவர் 1994-ஆம் ஆண்டில் 49 கேள்விகள் கொண்ட ஒன்றை வெளியிட்டனர். 1997-இல் அது 14 கேள்விகளாகச் சுருக்கப்பட்டது. சொற்களை உச்சரிக்க முடிகிறதா, உண்ணும்போது வலிக்கிறதா, பாதியில் உணவை நிறுத்த நேர்ந்ததா, பிறர்முன் கூச்சப்பட்டீர்களா என்பன போன்ற கேள்விகள் அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. பள்ளித் தேர்வுக்கு நேர்மாறாக, இதில் மதிப்பெண் கூடினால் துன்பம் கூடுதல் என்று பொருள். முதியோரின் வாய்நலத்துக்கான இத்தகைய வேறொரு வினாத்தாளைத் தமிழில் ஆக்கிச் சரிபார்க்கும் பணி சென்னையில் நடந்திருக்கிறது.

மான்ட்ரியால் தந்த பாடம்

கேட்டுப் பார்த்தால் என்ன பயன் என்பதற்குக் கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வுகள் நல்ல சான்று. அவர்கள் ஒரே மனிதருக்கு இருவகைப் பல் அமைப்புகளையும் மாற்றி மாற்றி அணியக் கொடுத்து, ஒவ்வொன்றையும் பற்றி அவரையே கேட்டார்கள். இராமனின் வாயையும் கந்தனின் வாயையும் ஒப்பிடுவதைவிட, கந்தனின் வாயில் இரண்டையும் ஒப்பிடுவது நேர்மையான சோதனை அல்லவா?

கீழ்த்தாடையில் விடை ஐயமின்றி வந்தது. அங்கே பல்செட் வழுக்கும், நாக்கு தள்ளும். இரண்டே இரண்டு திருகுகளைப் பதித்து, அவற்றில் பல்செட்டைக் கவ்வச் செய்தால் மக்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள். பற்களற்ற கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டில் மெக்கிலில் கூடிய அறிஞர்கள் அறிவித்தனர்.

மேல்தாடையிலோ விடை வேறாக இருந்தது. மேல்தாடையில் போதிய எலும்பு உள்ளவர்களுக்கு, நன்றாகச் செய்த சாதாரணப் பல்செட்டைவிடத் திருகுப் பல் கூடுதலான நிறைவைத் தந்ததாகத் தெரியவில்லை என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது. அகன்ற அண்ணத்தில் உமிழ்நீரின் உதவியால் பல்செட் நன்றாக ஒட்டிக்கொள்வதே காரணமாகலாம். அவர்களைக் கேட்காமல் இருந்திருந்தால், 'கீழே நல்லதென்றால் மேலேயும் நல்லதுதானே' என்று எல்லோருக்கும் திருகு பதித்திருப்பார்கள்.

ஆனால் எலும்பே இல்லாத மேல்தாடையில் பல்செட்டும் நிற்காது. அத்தகையவர்கள் கன்ன எலும்புத் திருகு வைத்தபின் பெரிதும் நிறைவடைவதாகவே பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றன. அதே சிகிச்சை ஒருவருக்கு வரம். மற்றவருக்கு வீண் செலவு. யாருக்கு எது என்பதைக் காட்டும் கருவிகளுள், பயன்படுத்துபவரின் சொல் முக்கியமானது.

"நல்லா இருக்கு" என்ற பதில்

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சந்திக்க வேண்டும். 'நோயாளியின் சொல்லை எப்படி நம்புவது? பெரும் பணம் கொடுத்தவர் குறை சொல்லத் தயங்குவார். வைத்தியம் செய்தவரே எதிரில் நின்று கேட்டால், மரியாதைக்காக நல்லா இருக்கு டாக்டர் என்பார்' என்பது அது. இவ் வாதத்தில் உண்மை இருக்கிறது. நம் ஊர்களில் வைத்தியர் முகத்துக்கு நேரே குறை சொல்வோர் அரிது. அன்றியும், துன்பப்பட்டவர்கள் மீண்டும் வராமலே போவதுண்டு. வந்தவர்களை மட்டும் கேட்டால் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதாகவே தோன்றும். கன்ன எலும்புத் திருகு பற்றிய நிறைவு ஆய்வுகள் பலவும் சில பத்துப் பேரையே கொண்டவை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாதவை.

அதற்காகக் கேட்பதையே விட்டுவிடலாமா? தராசில் பிசகு இருந்தால் தராசைச் சரிசெய்வோமேயன்றி, நிறுப்பதை நிறுத்துவதில்லை. சிகிச்சை செய்தவர் அல்லாத வேறொருவர் கேட்கட்டும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்கட்டும். ஒரு மாதத்தில் கேட்டதோடு நில்லாமல், ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் கேட்கட்டும். வராமற்போனவர்களைத் தேடிச்சென்று கேட்கட்டும். இவையெல்லாம் விஞ்ஞான முறையின் பாலபாடங்கள்.

மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. நிறைவு மட்டுமே போதும் என்பதும் தவறு. திருகைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் வலியில்லாமலே கெட்டுப்போகக்கூடும்; அப்போது நோயாளி சிரித்துக்கொண்டிருப்பார், எக்ஸ்ரே படமே உண்மையைச் சொல்லும். ஆகவேதான் மூன்று சாட்சிகளும் வேண்டும் என்கிறேன்.

கேள்வி நம் ஊருடையதாக இருக்கட்டும்

வெளிநாட்டு வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. ஆப்பிளைக் கடிக்க முடிகிறதா என்று விளாத்திகுளத்துச் சம்சாரியைக் கேட்டு என்ன பயன்? கடலை மிட்டாயைக் கடிக்கிறீர்களா, முறுக்கை நொறுக்குகிறீர்களா, வெற்றிலை பாக்கு மெல்ல முடியவில்லை என்ற ஏக்கம் உண்டா, கல்யாணப் பந்தியில் கூசாமல் உட்காருகிறீர்களா என்று கேட்டால் விடை தானே வரும். பாக்கு மெல்லுவதை ஒருவர் நன்மையாகச் சொல்லலாம்; வாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகும் என்பதை அப்போதே எடுத்துச் சொல்லவும் அக் கேள்வி வாய்ப்பளிக்கும். சொற்களும் வட்டாரத்துக்கு உரியனவாக இருக்க வேண்டும். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அத்தகைய உழைப்பு இலக்கியத்துக்கு மட்டுமன்றி, நோயாளியிடம் கேள்வி கேட்கும் மருத்துவத்துக்கும் உதவும்.

கேட்க வேண்டியவை இன்னும் உள. மானாவாரி விவசாயிக்குப் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் விதைப்புக் காலம். அப்போது திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ நான்கு முறை பஸ் ஏறி வரச் சொன்னால் அவர் என்ன செய்வார்? தீப்பெட்டித் தொழிலாளிக்கு ஒரு நாள் பயணம் ஒரு நாள் கூலி. பிரோனமார்க்கின் தொடக்க முறைப்படி, மேல்தாடையில் திருகு எலும்போடு பிணைய ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்; அக் காலத்தில் அவர் எதைத் தின்றார்? 'எத்தனை நாள் கூலி போயிற்று, கடன் வாங்கினீர்களா' என்ற கேள்விகளும் நிறைவைப் பற்றியவைதாம். அவற்றைக் கேட்காத ஆய்வு, நகரத்து வசதி படைத்தவரின் மனநிறைவையே அளக்கும்.

எனவே, எலும்பில் பல் பதிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் மருத்துவமனையும் திருகுகளின் கணக்கோடு மனிதர்களின் விடைகளையும் பதிவு செய்ய வேண்டும். தோல்விகளையும் சேர்த்து வெளியிட வேண்டும். சிகிச்சைக்கு முன்பே, 'உங்கள் எலும்புக்கு நல்ல பல்செட்டே போதுமா, திருகு இன்றியமையாததா' என்பதை நோயாளிக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும்.

மாணவர்களாகிய உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்கள் தெருவில் பல்செட் வைத்திருக்கும் பெரியவர்கள் பத்துப் பேரை, உங்கள் அறிவியல் மன்றத்தின் சார்பில், அவர்கள் சம்மதத்தோடு கேட்டுப் பாருங்கள். மேல்செட், கீழ்செட் இரண்டில் எது தொல்லை தருகிறது? எதைத் தின்பதை விட்டுவிட்டார்கள்? பல்செட்டைப் போட்டுக்கொள்கிறார்களா, டப்பாவில் வைத்திருக்கிறார்களா? பெயர்களை எழுதாமல் விடைகளை மட்டும் அட்டவணையாக்குங்கள். 1972-இல் டால்கிரென் அளந்ததற்கும், உங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியே உங்கள் பற்களையும் கவனியுங்கள். இரவு படுக்குமுன் பல் துலக்குவதும், ஈறில் இரத்தம் கசிந்தால் உடனே காட்டுவதும், புகையிலையைத் தொடாதிருப்பதும், வீட்டில் நீரிழிவு உள்ளவரை ஒழுங்காக மருந்து உண்ணச் செய்வதும் காசில்லாமலோ குறைந்த காசிலோ செய்யக்கூடியவை. கன்ன எலும்புவரை திருகை இறக்கும் விஞ்ஞானம் வியப்புக்குரியதே. அது உதவ வந்த மனிதரிடம், 'இப்போது நன்றாக மெல்ல முடிகிறதா?' என்று பொறுமையாகக் கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வதும் அந்த விஞ்ஞானத்தில் ஒரு பகுதிதான்.